பழைய வண்டி, டிஸ்க் பிரேக், சின்ன பட்ஜெட்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் டிஸ்க் பேட் பற்றி ரெண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் பேட் பற்றியே இல்லை, எல்லாம் மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளி அனுப்புகிற, ஆயில் டப்பாவோடு சேர்ந்த உறுப்பு) புலம்பல்தான். கடலூர், புதுச்சேரி பக்கம் இருந்து வந்தவைதான் அதிகம். கடல் காற்றுக்கும் இந்தச் சாமானுக்கும் ஆகாது என்பதால் இதில் ஆச்சரியமில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், பெயர்களைத் தவிர்த்துவிட்டேன்.

கேள்வி: 2004 மாடல் பல்சர் 150 வைத்திருக்கிறேன். சிக்னலில் முன் பிரேக்கைப் பிடித்தபடி நின்றால் லீவர் மெல்ல மெல்ல இறங்கி கிரிப்பைத் தொட்டுவிடுகிறது. விட்டுவிட்டு ரெண்டு தடவை அடித்தால் மறுபடி பிடிக்கிறது. ஆயில் எங்கும் ஒழுகவில்லை, டப்பாவிலும் குறையவில்லை. சர்வீஸ் சென்டரில் மாஸ்டர் சிலிண்டரை முழு செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். ஓய்வூதியத்தில் ஓடுகிற குடும்பம், வேறு வழி உண்டா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உண்டு ஐயா. முழு செட் இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் எழுதிய விவரத்திலேயே பாதி பதில் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டருக்குள் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. ஒரு பிஸ்டன், அதன் தலையில் ஒரு ரப்பர் கப், வாலில் இன்னொரு கப், முன்னால் ஒரு ஸ்பிரிங், பின்னால் இதெல்லாம் வெளியே வந்துவிடாமல் ஒரு சர்க்கிலிப், அதற்கும் மேல் தூசி போகாமல் ஒரு ரப்பர் மூடி. தலைப்பக்கக் கப்தான் ஆயிலைக் கீழே பேடை டிஸ்க்கின்மேல் அழுத்துகிற காலிப்பருக்குத் தள்ளுகிறது. அதன் விளிம்பு தேய்ந்தோ விறைத்தோ போனால், தள்ளுகிற ஆயில் அந்த விளிம்பைத் தாண்டிப் பின்னால் நழுவி மறுபடி டப்பாவுக்கே வந்துவிடும். அதனால்தான் லீவர் இறங்குகிறது, ஆனால் ஆயில் குறையவில்லை. வால்பக்கக் கப் போயிருந்தால் கதை வேறு: லீவருக்கு அடியில் ஈரம் இருக்கும், அங்கிருந்து சொட்டிய இடத்தில் பெயிண்ட் உப்பி உரிந்திருக்கும். உங்களுக்கு அது இல்லை. ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்: வண்டியை நிறுத்தி, லீவரை ஒரே அழுத்தத்தில் அரை நிமிஷம் பிடியுங்கள், கீழே காலிப்பர், ஹோஸ் (ரெண்டையும் இணைக்கிற ஆயில் குழாய்), லீவர் அடி எல்லாம் காய்ந்திருந்து லீவர் மட்டும் இறங்கினால் தலைக் கப் போயிற்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்குத் தேவை ரிப்பேர் கிட். ஸ்பேர்ஸ் கடையில் “மாஸ்டர் சிலிண்டர் கிட்” என்று கேட்டால் போதும். வெறும் கப்புகள் மட்டும் வருவது மைனர், பிஸ்டன், ஸ்பிரிங், சர்க்கிலிப் எல்லாம் சேர்ந்து வருவது மேஜர். மேஜரையே வாங்குங்கள். விலை வித்தியாசம் டீக்காசு அளவுதான், ஆனால் இருபது வருஷப் பிஸ்டனில் புதுக் கப்பைப் போடுவதில் அர்த்தமில்லை. மேஜர் கிட்டே சில நூறு ரூபாயில் அடங்கிவிடும். முழு அசெம்பிளி என்றால் அதைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகும், கம்பெனிப் பெட்டியில் வந்தால் இன்னும் கூட.

ஆனால் ஒரு நிபந்தனை. பிஸ்டன் ஓடுகிற குழாய், அதாவது போர், உள்ளே சுத்தமாக இருக்க வேண்டும். பிரித்த பிறகு காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் கிட்டைப் போடலாம், பல வருஷம் ஓடும். கப் ஓடுகிற பாதையில் கருப்புப் புள்ளியாக அரித்திருந்தாலோ, நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிற மாதிரி கீறல் இருந்தாலோ, கிட் போடுவது வீண். புதுக் கப்பையும் அந்தக் குழி சீக்கிரமே கடித்துவிடும். வெளி விளிம்பில், தூசி மூடி உட்காருகிற இடத்தில் மட்டும் வெள்ளை பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், அங்கே கப் போவதில்லை, துடைத்து எடுத்துவிடலாம்.

நம் ஊர்ப் பட்டறைகளில் அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. போரில் லேசாகக் கறை தெரிந்ததும் எமரி பேப்பரை விரலில் சுற்றி உள்ளே விட்டுச் சுழற்றுவார்கள். பார்க்கப் பளபளவென்று ஆகிவிடும். பல அலுமினிய சிலிண்டர்களில் மேலே மெல்லிய கெட்டிப் பூச்சு ஒன்று இருக்கும், எமரி அதைத்தான் எடுத்துவிடுகிறது, அப்புறம் அரிப்பு இன்னும் வேகமாக ஆரம்பிக்கும். “எமரி வேண்டாம், பிரேக் ஆயில் நனைத்த துணி போதும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதிலும் கழுவக் கூடாது. கிட்டைப் பூட்டும்போது கிரீஸும் தடவக் கூடாது, புதுப் பிரேக் ஆயிலில் நனைத்துத்தான் உள்ளே தள்ள வேண்டும், கப்பின் உதடு முன்பக்கம், அதாவது ஸ்பிரிங் இருக்கிற பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் பிரேக்கே பிடிக்காது.

சர்வீஸ் சென்டரை முழுதாகக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. கிட் போட்டுக் கொடுத்து மறுபடி இறங்கினால் சண்டைக்கு வருவது நாம்தான், புது அசெம்பிளி போட்டால் அவர்களுக்குத் தலைவலி இல்லை. அதனால்தான் இந்த வேலைக்கு நமக்குத் தெரிந்த, பிரித்து நம் கண்ணெதிரே காட்டுகிற மெக்கானிக் தேவை. “அண்ணே, பிரிச்சு போரைக் காட்டுங்க, நல்லா இருந்தா கிட், இல்லைன்னா செட்” என்று பேசிக்கொள்ளுங்கள். காட்ட மாட்டேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: நான் மீன் வியாபாரம். வண்டியில் ஐஸ் பெட்டி கட்டித் தினமும் ஓட்டுகிறேன். கொஞ்ச தூரம் போனதும் முன் சக்கரம் தானாகவே பிடித்துக்கொள்கிறது, டிஸ்க் தொட முடியாத சூடு. நின்று ஆறினால் விடுகிறது. காலிப்பர் மாற்றியாச்சு, பேட் மாற்றியாச்சு, காசு போனதுதான் மிச்சம்.
— தாழங்குடா

பதில்: காலிப்பருக்குக் கொடுத்த காசு வரப்போவதில்லை அண்ணே, அடுத்த காசையாவது பார்த்துச் செலவழிப்போம். எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர் போதும். வண்டி பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த நேரத்திலேயே இதைச் செய்ய வேண்டும், ஆறிவிட்டால் ஒன்றும் தெரியாது.

முதலில் மேலே, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் வந்து சேருகிற போல்ட்டைத் துணி போட்டுப் பொத்திக்கொண்டு கால் சுற்று தளர்த்துங்கள். கொஞ்சம் ஆயில் வந்து சக்கரம் விட்டுவிட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில்தான். அங்கே தளர்த்தியும் விடாமல், கீழே காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கிற நிப்பிளைத் தளர்த்தினால் மட்டும் விட்டால், நடுவில் இருக்கிற ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ரெண்டு இடத்திலும் தளர்த்தி விடவில்லை என்றால்தான் காலிப்பர் பிஸ்டனோ, அது நகருகிற பின்னோ துருப்பிடித்து மாட்டியிருக்கிறது என்று பொருள். தளர்த்திய போல்ட்டை இறுக்கி, ஏர் எடுத்துவிட்டுத்தான் (உள்ளே போன காற்றை வெளியேற்றிவிட்டுத்தான்) வண்டியை எடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் சொல்கிற குணத்தைப் பார்த்தால் எனக்கு மேலேதான் சந்தேகம். டப்பாவின் மூடியைக் கழற்றி அடியில் பாருங்கள், ரெண்டு ஓட்டை இருக்கும். ஒன்று கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்று ஊசி முனை அளவு, சில மாடலில் அதன்மேல் ஒரு சின்னத் தகடு மூடியிருக்கும். லீவரை விட்டதும் ஆயில் திரும்பி வருவது அந்த ஊசி ஓட்டை வழியாகத்தான். பழைய ஆயில் கட்டித்தட்டி அதை அடைத்துவிட்டால், திரும்ப வழி இல்லாத ஆயில் சூட்டில் விரிந்து பேடைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பேட் உரச உரச இன்னும் சூடு, இன்னும் இறுக்கம். நின்றால் ஆறுகிறது, விடுகிறது. அப்படியே உங்கள் கதை.

கிளட்ச் கேபிளிலிருந்து உரித்த ஒற்றை இழைக் கம்பியை விட்டு மெதுவாகக் குத்தி எடுக்கலாம். டிரில் பிட் விட்டு ஓட்டையைப் பெரிதாக்கினால் கப் அங்கே மாட்டிக் கிழியும், அதை யாரையும் செய்ய விடாதீர்கள். ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்க்க, மூடியைத் திறந்து வைத்து லீவரை லேசாகத் தட்டுங்கள், அந்த இடத்திலிருந்து ஆயில் சின்னதாக ஊற்று மாதிரி எழும்பும். கண்ணை அருகில் கொண்டு போகாதீர்கள், எரியும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. லீவர் உடைந்து வேறு மாடல் லீவரைப் போட்டிருக்கிறீர்களா? லீவரைத் தொடாதபோது பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்து நிற்க வேண்டும். கடையில் கிடைத்த ஏதோ ஒரு லீவரின் மூக்கு ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் கூட அது பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் அழுத்தியபடியே இருக்கும், அந்த ஊசி ஓட்டை கப்பால் மூடியே கிடக்கும். லீவரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க முடியாது, ஆனால் கழற்றினால் சக்கரம் விடுகிறதா என்று நின்ற இடத்தில் பார்க்கலாமே.

ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து சொட்டுகிற வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டரின் தூசி மூடிதான் உயிர். அது கிழிந்தால் உள்ளே இரும்புச் சர்க்கிலிப்பும் அலுமினிய உடம்பும் சேருகிற இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி பூத்து, சர்க்கிலிப் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அப்போது கழற்றுகிறேன் என்று ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உடம்பின் காடி உடையும், அதோடு முழு செட் செலவு வந்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க ஊற விட்டு, காலையில் உள் சர்க்கிலிப் பிளையரால் எடுத்தால் வந்துவிடும். கிட் எப்படியும் மாற்றப் போவதால் பழைய ரப்பர் ஸ்பிரேயில் கெட்டாலும் பரவாயில்லை, போரை மட்டும் பிரேக் ஆயிலால் ரெண்டு தடவை துடைத்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: தாத்தாவின் ஹீரோ ஹோண்டா சிபிஸட். அவர் 1999-ல் வாங்கியது, இப்போது நான் காலேஜுக்கு எடுத்துப் போகிறேன். மாஸ்டர் சிலிண்டர் போர் அரித்துவிட்டது என்று மெக்கானிக் காட்டினார். அந்த மாடலுக்குக் கடையில் இல்லை என்கிறார்கள். வேறு வண்டியுடையது போடலாமா சார்?
— கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

பதில்: போடலாம்மா, ஆனால் கடைக்காரர் “இதுவும் அதே மாதிரிதான்” என்று எடுத்து நீட்டுவதை அப்படியே வாங்கி வந்துவிடாதே.

முதலில் பழைய சிலிண்டரின் உடம்பில் ஒரு எண் வார்த்திருப்பார்கள், தேடு. 11, 12.7, 14 என்று மில்லிமீட்டரில் இருக்கும், சில நேரம் அரை அங்குலம் என்று பின்னமாக இருக்கும், அரை அங்குலமும் 12.7-ம் ஒன்றுதான். அதுதான் போர் அளவு. புதுசு வாங்கும்போது இந்த எண்ணே முக்கியம், வண்டிப் பெயர் அப்புறம். 12.7 இருந்த இடத்தில் 14 போட்டால் பிஸ்டனின் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும், அதே பிரேக்குக்குக் கையில் அந்த அளவு அதிகமாக அழுத்த வேண்டியிருக்கும், லீவர் கல்லாக நிற்கும். 11 போட்டால் நேர்மாறு, லீவர் மெத்தென்று நீளமாக வரும், பேட் தேய்ந்த சமயத்தில் கிரிப்பைத் தொட்டாலும் தொட்டுவிடும். “லீவர் கல்லு மாதிரி இருக்கு, சூப்பர் பிரேக்” என்று பையன்கள் சொல்வதை நம்பாதே. கல் மாதிரி இருக்கிற லீவர் பெரிய போர் என்பதற்குத்தான் அடையாளம், பிரேக் பிடிப்பது குறைந்திருக்கும்.

அடுத்தது ஹோஸ் போல்ட்டின் மரை. ஜப்பான் வம்ச வண்டிகளில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 1.25 மரை (மரைக்கு மரை உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில்), பிரெம்போ கம்பெனி வகைகளில் 1.0 மரை. ரெண்டும் ஒரு சுற்று ரெண்டு சுற்று உள்ளே போகும், அப்புறம் இறுகும், மெக்கானிக் “கொஞ்சம் டைட்” என்று பலம் போட்டால் அலுமினிய மரை உரிந்து கையோடு வந்துவிடும். போல்ட்டைக் கையாலேயே முழுசாகச் சுற்ற முடிய வேண்டும், முடியாவிட்டால் அது வேறு மரை. போல்ட்டின் ரெண்டு பக்கமும் வருகிற செம்பு வாஷரைப் புதுசாகப் போடச் சொல், பழையதை நெருப்பில் காட்டித் திரும்பப் போடுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, ரெண்டு வாஷர் விலைக்கு அந்த வேலை தேவையில்லை. அப்புறம் பிரேக் லைட் சுவிட்ச் உட்காருகிற இடம், கண்ணாடி மாட்டுகிற மரை, ஹேண்டில்பாரைப் பிடிக்கிற கிளாம்ப், இந்த மூன்றையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள். கண்ணாடி மரையில் யமஹா வண்டிகள் வலப்பக்கத்தில் இடச்சுற்று வைத்திருக்கும், அதை எடுத்துவந்தால் உன் பழைய கண்ணாடி ஏறாது.

எங்கே தேடுவது? ஹீரோ ஹோண்டா என்ற பெயரே 2011-ல் போய்விட்டது, ஆனாலும் அந்தக் கால வண்டிகளுக்கான மாற்றுத் தயாரிப்புகள் இன்னும் ஸ்பேர்ஸ் கடைகளில் உண்டு. பழைய சிலிண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போ, போட்டோவைக் காட்டாதே. புதுச்சேரியில் கிடைக்காவிட்டால் கடலூரில் லாரன்ஸ் ரோடு பக்கம் விசாரித்துவிட்டு, அதற்கும் அப்புறம்தான் சென்னை: புதுசுக்கு ஜி.பி. ரோடு, கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் வாங்கினால் அங்கேயே சர்க்கிலிப்பை எடுத்துப் போரைப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கிற ரப்பர் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கிட் போடு. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் ஸ்பேனர் வாங்கு, சட்டை வாங்கு, பிரேக் சாமான் மட்டும் வாங்காதே.

கேள்வி: லேத் பட்டறையில் கொடுத்து, அரித்த போருக்குள் ஸ்லீவ் அடித்து வாங்க முடியும் என்கிறார்களே, செலவு குறையுமா?
— வில்லியனூர்

பதில்: முடியும். செலவு குறையாது. போரைக் கடைந்து பெரிதாக்கி, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் குழாயை இறுக்கமாக ஏற்றி, உள்ளே பழைய அளவுக்கே வழவழப்பாகத் தீட்டி, அப்புறம் அந்த ரெண்டு ஓட்டைகளையும் பழைய இடத்திலேயே போட வேண்டும். கடைசி வேலைதான் கண்டம். ஊசி ஓட்டையின் உள் விளிம்பில் பிசிறு நின்றால் ஒவ்வொரு தடவையும் கப்பைச் சீவிவிடும். பிஸ்டன் வேலைக்கென்று நிதானமாக உட்காருகிற லேத்காரர் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கலாம், ஆனால் அவர் நேரத்துக்குக் கேட்கிற கூலியில் பல்சருக்கோ சிபிஸட்டுக்கோ ஒரு புது அசெம்பிளியே வந்துவிடும். பாகமே கிடைக்காத இறக்குமதி வண்டி வைத்திருப்பவர் செய்யட்டும்.

கேள்வி: ரோட்டோரக் கடையில் பிரேக் ஆயில் இல்லை என்று 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) ஊற்றிவிட்டார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியது, இப்போது லீவர் திரும்பி வருவதே இல்லை. கடையில் பிரேக் ஆயில் தரம் டாட் 3, டாட் 4, டாட் 5 என்று கேட்டுக் குழப்புகிறார்கள்.
— அரியாங்குப்பம்

பதில்: கேட்கவே வயிறு எரிகிறது. பிரேக்கில் இருக்கிற ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஜென்மப் பகை. எஞ்சின் ஆயில், 2டி, கிரீஸ் எது பட்டாலும் ரப்பர் உப்பிப் பிதுங்கிவிடும். உப்பிய கப் போருக்குள் மாட்டிக்கொண்டதால்தான் லீவர் திரும்பவில்லை. வண்டியை ஓட்டவே வேண்டாம், தள்ளிக்கொண்டு போங்கள். மாஸ்டர் சிலிண்டர் கிட் மட்டும் மாற்றினால் போதாது, ஆயில் போன வழி முழுக்க ரப்பர்தான்: காலிப்பர் சீல், ஹோஸ், டப்பா மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர் தட்டு, எல்லாம் மாற வேண்டும். நடுவில் ஒன்றை விட்டுவைத்தால் அதில் ஊறியிருக்கிற எண்ணெய் புதுசையும் கெடுக்கும். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டப்பாவில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விடுங்கள். டாட் 3, டாட் 4 என்றால் கரைந்துவிடும், எண்ணெய் என்றால் மேலே மிதந்து வட்டம் போடும்.

டாட் எண் குழப்பத்துக்கு: டப்பா மூடியின் மேலேயே எது போட வேண்டும் என்று பொறித்திருப்பார்கள், பெரும்பாலான நம் வண்டிகளுக்கு 3 அல்லது 4. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230. மூன்று கேட்கிற வண்டிக்கு நாலு போடலாம். டாட் 5 என்பது சிலிக்கோன், அது மற்றதோடு சேராது, பக்கமே போகாதீர்கள். 5.1 என்று தனியாக ஒன்று உண்டு, அது 4-ன் குடும்பம்தான், ஆனால் பழைய வண்டிக்கு அந்தக் காசு தேவையில்லை. சின்ன பாட்டிலாக வாங்குங்கள், மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கென்று வைக்காதீர்கள். திறந்த பாட்டில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நம் கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது வண்டி சாய்ந்து முழுசாக முங்கிக் கிடந்தது. எஞ்சினைப் பார்த்துச் சரிசெய்தாச்சு. பிரேக் பிடிக்கிறது, ஆனால் டப்பாவின் கண்ணாடியில் பார்த்தால் டீ நிறத்தில் இருக்கிறது. விடலாமா?
— பாகூர்

பதில்: விடக் கூடாது. தண்ணீர் கலந்த பிரேக் ஆயில் சாதாரணமாக ஓட்டும்போது நன்றாகத்தான் இருக்கும். டாட் 4-ல் ஈரம் ஏறிவிட்டால் கொதிநிலை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும், வெள்ளத்தண்ணீர் நேராகப் புகுந்திருந்தால் அதற்கும் கீழே. பாரத்தோடு தொடர்ந்து பிரேக் பிடிக்கிற ஒரு நாளில் அது ஆவியாகி, லீவர் வெறும் காற்றாக உள்ளே போகும். அது போக, அந்தத் தண்ணீர் உள்ளேயே கிடந்து போரையும் காலிப்பர் பிஸ்டனையும் தின்றுகொண்டிருக்கிறது. இத்தனை நாள் ஆனபிறகு ஆயிலை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை, ஒரு தடவை பிரித்து முதல் கேள்விக்குச் சொன்ன மாதிரி போரைப் பார்த்துவிடுங்கள். வெள்ளமே பார்க்காத வண்டிக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவது நல்லது.

கேள்வி: கிட் போட்டாச்சு, அரை நாளாக ஏர் எடுக்கிறோம், லீவர் பஞ்சு மாதிரியே இருக்கிறது. கிட் டூப்ளிகேட்டா?
— பட்டறையில் வேலை கற்பவர், நெல்லிக்குப்பம்

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் காற்றையே சந்தேகப்படு தம்பி. காலியான மாஸ்டர் சிலிண்டரில் காற்று ஹோஸ் போல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், கீழே நிப்பிளில் எவ்வளவு எடுத்தாலும் அது இறங்கி வராது. ஹேண்டிலைத் திருப்பி, ஹோஸ் மாட்டும் முனை கொஞ்சம் கீழேயும் டப்பா மேலேயும் இருக்கும்படி வை. மூடியைத் திறந்து, லீவரை முழுசாக இழுக்காமல் முதல் அரை அங்குலத்துக்கு மட்டும் தட்டித் தட்டி விடு. ஊசி ஓட்டையிலிருந்து குமிழ் வரும், வருவது நிற்கும் வரை விடாதே. அதுக்கும் சரியாகவில்லை என்றால் சுத்தமான புது சிரிஞ்சில் பிரேக் ஆயில் நிரப்பி, நிப்பிளில் குழாய் மாட்டி, கீழேயிருந்து மேலே தள்ளு. காற்றுக்கு மேலே போகத்தான் பிடிக்கும். டப்பா வழிந்து டேங்கில் சொட்டினால் துடைக்காதே, உடனே தண்ணீர் ஊற்று, துடைத்தால் பெயிண்ட்டும் கூடவே வரும். சாயங்காலம் லீவரைக் கயிறு போட்டு கிரிப்போடு கட்டிவிட்டுப் போய்க் காலையில் அவிழ்க்கிற பழைய வழியும் பல வண்டியில் வேலை செய்கிறது.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க, பாக்கெட்டில் மாதம் வருஷம் இருக்கிறதா பார். வருஷக்கணக்கில் வெயில் படுகிற அலமாரியில் கிடந்த ரப்பர் அசலாகவே இருந்தாலும் உபயோகமில்லை. கப்பின் உதட்டை விரலால் மடக்கிப் பார்த்தால் மெல்லிய வெடிப்பு தெரியும், தெரிந்தால் திருப்பிக் கொடு.

கேள்வி: கடலூரில் வாங்குவதை விடப் பாண்டியில் ஸ்பேர்ஸ் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்களே?
— செம்மண்டலம், கடலூர்

பதில்: ஒரு காலத்தில் விற்பனை வரி வித்தியாசத்தில் அது உண்மை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு ரெண்டு ஊரிலும் வரி ஒன்றேதான், இப்போது வித்தியாசம் கடைக்காரர் கொடுக்கிற தள்ளுபடியில் மட்டும். ஒரு கிட்டுக்காகப் போய்வர ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவது கணக்குக்கு ஒத்துவராது. ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிற பெட்ரோல் அங்கே மலிவு என்பது வேறு விஷயம், எப்படியும் வேலையாகப் போகிறீர்கள் என்றால் ரெண்டையும் முடித்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-க்கு டிஸ்க் போட ஆசை. பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒன்று சும்மா கிடைக்கிறது.
— முதலியார்பேட்டை

பதில்: சிலிண்டர் சும்மா கிடைக்கும். அதற்கேற்ற ஃபோர்க், ஹப், டிஸ்க், காலிப்பர் சும்மா கிடைக்காது. முன் டிரம்மைக் கழற்றி, உள்ளே பளபளத்துப் போன ஷூவை மாற்றி, டிரம்மில் வரி விழுந்திருந்தால் லேத்தில் லேசாகக் கடைந்து, புதுக் கேபிள் போட்டுப் பாருங்கள். அந்த எடைக்கு அது போதுமான பிரேக்.

கேள்வி: என்னுடையது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) வண்டி. இதே கிட் வேலையை அதற்கும் பக்கத்துப் பட்டறையில் செய்யலாமா?
— தவளக்குப்பம்

பதில்: மாஸ்டர் சிலிண்டர் வரைக்கும் வேலை ஒன்றுதான். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல் விற்பனையாகிற புது வண்டி எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், இந்தக் கேள்வி இனி நிறைய வரும். கவனம் ஒரே இடத்தில்: கழற்றும்போது ஹோஸ் முனையைப் பொத்தி வைக்க வேண்டும், ஏர் எடுக்கும்போது டப்பா ஒரு நொடி கூடக் காலியாகக் கூடாது. ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் சில மாடல்களில் கம்ப்யூட்டர் மாட்டி அதன் மோட்டாரை ஓட விட்டால்தான் வெளியே வரும், அதற்கு சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.